ஓவியத்தின் ஓரத்தில் நிற்கும் சிறுவன்

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். 1718இல் அவர் அனுப்பிய 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஆகியவற்றுக்காக அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரை வைத்துக்கொண்டது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அந்தச் சரக்கில் துணிதான் முக்கியம். மூலனூர் பருத்தி ஏலத்தில் மூட்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த 9 பொதிகள்மீதுதான் முதலில் கண் போனது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்தில், சுமார் 1719இல் வரையப்பட்ட யேலின் குடும்ப ஓவியம் இருக்கிறது. பரோக் காலத்துப் பிரபு ஓவியம் என்பது ஒரு சொத்துப் பட்டியல். பொய்முடி, பட்டு, மேசையில் மது. சென்னையில் வைர வியாபாரம் செய்து சேர்த்த பணம். மகள் ஒருத்தி டெவன்ஷைர் பிரபுவின் வீட்டு மருமகள். "நாங்களும் பெரிய மனிதர்கள்" என்கிறது படம்.

வலது ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். பத்து வயது இருக்கலாம். கழுத்தில் பூட்டுப் போட்ட உலோகப் பட்டை. ஓவியர் அந்தப் பூட்டை மறைக்கவில்லை, மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. வெட்கப்பட வேண்டிய பொருளாக அது அவர்களுக்குத் தோன்றியிருந்தால் படத்தில் வந்திருக்காது. அவனும் பட்டியலில் ஓர் உருப்படி.

இது லண்டன் பழக்கம் மட்டுமல்ல. யேல் தலைமையிலிருந்த காலத்தில் சென்னைக் கோட்டையிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் முதலில் விலை போவது நிலமில்லாதவர்கள்தான். நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2020இல் அந்த ஓவியத்தைக் கழற்றிவிட்டு, டைட்டஸ் கஃபார் வரைந்த வேறொரு ஓவியத்தைச் சில காலம் மாட்டினார்கள். அதில் பிரபுக்கள் கசங்கிக் கிடக்கிறார்கள். பொன் சட்டத்துக்குள் சிறுவன் நம்மை நேராகப் பார்க்கிறான், கழுத்தில் பட்டை இல்லை. ஆய்வாளர்கள் அவன் பெயரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பழைய ஓவியம் இப்போது புதிய தலைப்போடு திரும்பி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் பழைய புகைப்படம் ஒன்று பார்த்தேன். உட்கார்ந்திருப்பவரின் பெயரும் பட்டமும் அடியில் எழுதியிருந்தது. பின்னால் குடை பிடித்து நிற்பவர் யாரென்று கேட்டேன்.

"அது பண்ணையாளுங்க" என்றார்கள்.

பெயர் தெரியாதாம். காலனிக்குள் போய் விசாரித்தேன். மூன்றாவது வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அவருடைய பேத்தி இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார்.