உடைந்த மலையும் ரஞ்சன்குடிக் கோட்டையும்

இந்தியாவின் மலை என்றதும் இமயமலை நினைவுக்கு வரும். அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியற்றது என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

ஒடிசாவிலிருந்து ஆந்திரா வழியாகத் தமிழ்நாடு வரை வரும் இந்த மலை இமயமலையைவிட மிகப் பழமையானது. இமயமலை எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் பக்கத்து மலைப் பாறைகளோ 100 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. மழையும் வெயிலும் அவற்றைத் தேய்த்தன. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய ஆறுகள் அறுத்தன. மிஞ்சிய துண்டுகள்தான் ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எல்லாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றின் கிழக்கே கடல் இருந்தது. அரியலூர் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனதுதான்.

இனி கோட்டைக்கு வருவோம். பெரம்பலூரிலிருந்து வடக்கே சுமார் 17 கி.மீ. மேற்கே பச்சைமலை, கிழக்கே சமவெளி. வடக்கிலிருந்து திருச்சிக்குப் போகும் படைகள் மலை ஏறாமல் இந்த வழியாகத்தான் வந்தன. அதனால்தான் 17-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுக்குக் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் இங்கே அகழியோடு கற்கோட்டை கட்டினார்.

1751-இல் இங்கே வாலிகொண்டா போர் நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும், மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயர்களும். கோட்டைத் தலைவர் எந்தப் பக்கமும் சேராமல் நாள் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கினார்கள், பிடிக்க முடியவில்லை. பிரெஞ்சுப் படை வந்ததும் அவர்கள் ஊட்டத்தூர் கணவாய்க்குப் பின்வாங்கி, பிறகு திருச்சிக்குள் போய்விட்டார்கள். சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டார். அவர் கவனத்தைத் திருப்பத்தான் கிளைவ் அதே ஆண்டு ஆற்காட்டைப் பிடித்தார். பாடப்புத்தகத்தில் படிக்கும் ஆற்காட்டு வெற்றிக்குப் பின்னால் நம்மூரில் அவர்கள் அடைந்த தோல்வி இருக்கிறது!

வணிகவியல் வகுப்பில், தொழில் தொடங்க இடம் முக்கியம் என்று படிக்கிறோம். கோட்டைக்கும் அதே கணக்குதான். அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தது இந்தத் தேய்ந்த மலை.

இன்றும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. அடுத்த முறை பேருந்தில் பெரம்பலூரைத் தாண்டும்போது தூங்காமல் ஜன்னல் வழியே பாருங்கள் நண்பர்களே!