வாசுகி சீனம் புகுந்த வரலாறு

பாற்கடல் கடைந்த ஞான்று மந்தரமலை மத்தாகவும், வாசுகி என்னும் அரவரசன் கடைகயிறாகவும் அமைந்தமை அன்பர் யாவரும் அறிந்ததே. அவ்வாசுகி சீன தேயத்து நூல்களிலும் அரசனாகவே வீற்றிருக்கின்றான் என்பது பலர் அறியாதது. அவன் ஆங்குச் சென்ற வரலாறு அந்நாட்டு மழைத் தெய்வத்தின் வரலாறுமாகும்.

ஆங்கிலத்தார் 'டிராகன்' என்று சுட்டும் உயிரை, விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தோர் 'வலுசர்ப்பம்' என்றனர். அகராதி வகுத்தோர் 'பறவைநாகம்' என்றனர். மேனாட்டுக் கதைகளுக்கு இப்பெயர்கள் ஏற்கும். அக்கதைகளில் அது புதையலைக் காத்துக் கிடக்கும் கொடிய விலங்கு. வீரனொருவன் வாளால் மடிதற்கென்றே தோன்றியது. சீனர் 'லூங்' என வழங்கும் தெய்வ உயிரையும் அப்பெயராலேயே அழைத்தது மேனாட்டார் செய்த பிழை. லூங்கிற்குப் பெரும்பாலும் சிறகு இல்லை. அதன் தொழில் தீ உமிழ்தலன்று, மழை பொழிவித்தல். 2024ஆம் ஆண்டு லூங் ஆண்டாகப் பிறந்தபோது சீனத்துச் செய்தி நிறுவனங்கள் சில ஆங்கிலத்திலும் 'லூங்' என்றே எழுதத் தலைப்பட்டன. காலந்தாழ்ந்ததேனும் நன்று.

இதன் தொன்மை வியக்கத்தக்கது. ஹோனான் மாகாணத்துப் பூயாங் என்னுமிடத்தில் 1987இல் அகழ்ந்த கல்லறையொன்றில், இறந்தானது ஒரு மருங்கில் புலியும் மறு மருங்கில் 1.78 மீட்டர் நீளமுள்ள லூங்கும் சிப்பி ஓடுகளால் அமைக்கப்பெற்றிருந்தன. அவை 6,000 ஆண்டுகட்கு முற்பட்டவை. கி.பி. 100இல் சூ ஷென் என்பார் முடித்த சொற்பொருள் நூல், லூங் இளவேனிலில் வானேறும் என்றும், இலையுதிர் காலத்தில் ஆழ்நீர் புகும் என்றும் உரைக்கின்றது. உழவனது ஆண்டுக் கணக்கே அதுவாதல் காண்க. மழை பொய்த்த காலத்துக் களிமண்ணால் லூங் உருவம் சமைத்து வேண்டும் முறையை, கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான தோங் சோங்ஷூ என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் நூல் வகுத்துரைக்கின்றது. இளவேனிற்குப் பச்சை, முதுவேனிற்குச் செம்மை எனப் பருவந்தோறும் நிறமும் வேறாம்.

இந்நிலையிலேதான் பௌத்த நூல்கள் வடமொழியினின்று சீனம் புகுந்தன. 'நாகம்' என்னும் சொல்லைப் பெயர்க்க வேண்டியபோது மொழிபெயர்ப்பாளர் 'லூங்' என்றே எழுதினர். நீரில் உறைதலும் மழை தருதலும் இரண்டற்கும் பொது. ஆகலின் அது பொருந்திற்று. கி.பி. 406இல் குமாரஜீவர் பெயர்த்த சத்தர்ம புண்டரீகம் எட்டு நாகராசர்களை எண்ணுகின்றது. வாசுகியும் தட்சகனும் அவ்வெண்மருள் அடங்குவர். பாற்கடல் கயிறு சீனத்து மழைவேந்தனான வழி இஃதே.

இச்சேர்க்கையால் விளைந்த மாறுதல் பெரிது. முன்னர் ஓர் ஆற்றலாகவே பெரிதும் கருதப்பட்ட லூங், கடலடியில் மாளிகையும் மக்களும் பரிவாரமும் உடைய அரசனாயிற்று. கி.பி. 1100இல் அரியணையேறிய சோங் மன்னன் ஹுய்சோங், ஐந்நிற லூங்குகளுக்கும் அரசப் பட்டமே அளித்தான். அரசனென்றால் முறையிடலாம், முறை தவறினால் குற்றமும் சாற்றலாம்.

1592இல் அச்சேறிய 'மேற்றிசைப் பயணம்' என்னும் கதைநூல் இதனை அழகுற விளக்குகின்றது. காஞ்சி மாநகர் வரை வந்து சென்ற யுவான் சுவாங்கின் யாத்திரையைக் கருவாகக் கொண்ட நூல் அது. சாங்-ஆன் நகரத்துச் சோதிடன் ஒருவன், மறுநாள் 3 அடி 3 அங்குலமும் 48 துளியும் மழை பெய்யும் என்றான். ஜிங் ஆற்று லூங் வேந்தன் மாற்றுருவில் வந்து, அது பொய்க்கும் எனப் பந்தயம் கட்டினான். மழைக்கு அதிபதி தானன்றோ என்னும் செருக்கு! ஆயின் விண்ணரசின் ஆணையோ துளி பிசகாமல் அவ்வளவினையே விதித்து வந்தது. தோல்விக்கு நாணிய வேந்தன் நேரத்தைத் தாழ்த்தி, 3 அங்குலமும் 8 துளியும் குறைத்துப் பெய்வித்தான். பந்தயம் வென்றான், தலை போயிற்று. அவனைக் காப்பதாக வாக்களித்த தாங் மன்னன், தண்டனை நிறைவேற்ற விதிக்கப்பெற்ற அமைச்சன் வெய் செங்கை அரண்மனையிலேயே பலகையாட்டத்தில் அமர்த்தி வைத்தான். அமைச்சனோ ஆட்டத்திடையே கண்ணயர்ந்து, கனவிலேயே அத்தலையைக் கொய்தான்.

சிற்றூர் மக்கள் இன்னும் ஒரு படி மேற்சென்றனர். வேண்டியும் மழை வாராதாயின் லூங் வேந்தன் திருவுருவைக் கோயிலினின்று எடுத்து வந்து கடும் வெயிலில் நிறுத்துவர். தாம் படும் வெப்பத்தை அவனும் உணரட்டும் என்பது கருத்து. இதனை அவமதிப்பு என்று கூறுதல் எளிது. பயிர் கருகக் கண்டவன் தன் தெய்வத்தோடு உரிமை கொண்டாடுதல் அவ்வாறுதான் இருக்கும்.

1966இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சியில் இத்தகைய கோயில்கள் பல இடிக்கப்பட்டன. வறண்ட மஞ்சள் மண் மேடுகள் சூழ்ந்த ஷான்சி மாகாண வடபகுதியில், லூங்வாங்கோ என்னும் பள்ளத்தாக்கிலிருந்த கரிய லூங் வேந்தன் கோயிலும் அவற்றுள் ஒன்று. அங்குள்ள சுனைநீரை நோய்க்கு மருந்தென மக்கள் கொண்டுசெல்வர். 1982 முதல் ஊரார் ஒன்றுகூடி அக்கோயிலை மீளக் கட்டினர். காணிக்கைப் பணத்தில் தொடக்கப் பள்ளியொன்று நிறுவி, மொட்டைக் குன்றுகளில் மரங்களும் நட்டனர்.