கன் கிரேசி: ஓர் அமெரிக்கக் குற்றப்படத்தின் வரலாறு

கன் கிரேசி 1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் திரைப்படம். இயக்கியவர் ஜோசப் எச். லூயிஸ். முதன்மை வேடங்களில் ஜான் டாலும் பெக்கி கம்மின்ஸும் நடித்தனர். துப்பாக்கி மீது தீராத மோகம் கொண்ட இருவர் காதலித்து, மணம் புரிந்து, கொள்ளையில் இறங்கி, காவல்துறைக்குத் தப்பி ஓடி மடிவதே கதை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஹாலிவுட்டில் உருவான, இருளும் குற்றமும் நிறைந்த படங்களைப் பிரெஞ்சு விமர்சகர்கள் 'ஃபிலிம் நுவார்' என்றழைத்தனர். 'கறுப்புப் படம்' என்பது அதன் பொருள். அவ்வகையில் முன்வரிசையில் வைக்கத்தக்க படம் இது.

தப்பியோடும் காதலர் கதைக்கு அமெரிக்காவில் உண்மை நிகழ்ச்சி ஒன்று முன்னோடியாக இருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பானி பார்க்கர், கிளைட் பாரோ என்னும் இணையர் பல மாநிலங்களில் கொள்ளையும் கொலையும் செய்து திரிந்தனர். 1934 மே 23 அன்று லூசியானாவில் காவலர்கள் பதுங்கியிருந்து அவர்களைச் சுட்டுக் கொன்றனர். மூன்று ஆண்டுகளுக்குள் ஃபிரிட்ஸ் லாங் 'யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்' படத்தை எடுத்தார். அடுத்து நிக்கோலஸ் ரேயின் 'தே லிவ் பை நைட்' வந்தது. இவ்விரு படங்களிலும் காதலர்கள் பெரும்பாலும் அப்பாவிகள். சமூகமே அவர்களை விரட்டுகிறது. கன் கிரேசி அந்த ஆறுதலைப் பார்வையாளருக்குத் தருவதில்லை. இதன் நாயகிக்குக் கொள்ளையடிப்பது பிடித்திருக்கிறது.

படம் ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. மழை கொட்டும் இரவில் பார்ட் என்னும் சிறுவன் கடைக் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கியைத் திருடுகிறான்; ஓடும்போது வழுக்கி விழுகிறான்; தலை நிமிர்ந்தால் எதிரே காவல் அதிகாரி. நீதிமன்றத்தில் அவனுடைய அக்காவும் நண்பர்களும் அவனுக்காகப் பேசுகிறார்கள். சிறு வயதில் விளையாட்டாகச் சுட்டு ஒரு கோழிக்குஞ்சைக் கொன்றுவிட்ட நாளிலிருந்து எந்த உயிரையும் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை என்பது அவர்கள் சொல்லும் செய்தி. இருந்தும் நீதிபதி அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறார். துப்பாக்கியை நேசிப்பவன், ஆனால் கொல்ல இயலாதவன்: இந்த முரண்பாட்டின் மேல்தான் முழுப் படமும் நிற்கிறது.

வளர்ந்து, இராணுவத்தில் பணிபுரிந்து ஊர் திரும்பும் பார்ட், ஒரு திருவிழாக் கூடாரத்தில் ஆனி லாரி ஸ்டார் என்னும் குறிபார்த்துச் சுடும் கலைக்காரியைச் சந்திக்கிறான். ஒருவர் தலையில் தீக்குச்சிகள் செருகிய வளையத்தை அணிய, மற்றவர் சுட்டு அவற்றைப் பற்றவைக்கும் போட்டி நடக்கிறது. காதல் வசனம் ஏதுமின்றி அந்தக் காதல் அங்கேயே உறுதியாகிவிடுகிறது. தணிக்கை கடுமையாக இருந்த காலத்தில் இதைவிடத் துணிந்த காதல் காட்சியை எடுத்தவர்கள் குறைவு.

படத்தின் புகழுக்கு முதன்மைக் காரணம் ஹாம்ப்டன் என்னும் கற்பனை ஊரில் நடக்கும் வங்கிக் கொள்ளை. திரைக்கதையில் பல பக்கங்கள் நீண்ட இக்காட்சியை, லூயிஸ் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக மூன்றரை நிமிடங்களுக்குப் படமாக்கினார். காமிரா முழு நேரமும் காரின் பின்னிருக்கைப் பகுதியிலேயே இருக்கிறது. காதலர்கள் ஊருக்குள் வருகிறார்கள், நிறுத்த இடம் தேடுகிறார்கள், பார்ட் வங்கிக்குள் போகிறான். நாம் வெளியே லாரியுடன் காத்திருக்கிறோம். வங்கிக்குள் நடப்பதைக் காட்டவே இல்லை. அப்போது ஒரு காவலர் அங்கே வந்து நிற்க, அவள் இறங்கிச் சென்று அவரிடம் சிரித்துப் பேச்சுக் கொடுக்கிறாள். கலிஃபோர்னியாவின் மாண்ட்ரோஸ் நகர வீதியில், உட்புறம் நீட்டிக்கப்பட்ட காரில் ஒலிப்பதிவுக் கருவிகளையும் ஏற்றி இதை எடுத்தார்கள். காருக்குள் பேசிய பேச்சின் பெரும்பகுதி நடிகர்கள் அந்நேரத்தில் தாங்களாகப் பேசியது. குற்றம் செய்யும் முறையை விளக்கிக் காட்டக் கூடாது என்பது அன்றைய தணிக்கை விதிகளில் ஒன்று. வங்கிக்கு வெளியே காத்திருக்க வைத்த இந்த முறை அவ்விதியையும் மீறவில்லை, பதைபதைப்பையும் கூட்டியது.

இறைச்சி நிறுவனம் ஒன்றில் நடத்தும் கடைசிக் கொள்ளையில் லாரி இருவரைச் சுட்டுக் கொல்கிறாள். அதன்பின் சில காலம் பிரிந்திருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்து, இருவரும் தனித்தனிக் கார்களில் எதிரெதிர்த் திசையில் புறப்படுகிறார்கள். சற்று தூரம் போனதும் இரு கார்களும் திரும்பி வருகின்றன. அறிவு சொன்னதைக் கால் கேட்கவில்லை. முடிவில், பனிமூட்டம் சூழ்ந்த சதுப்பு நிலத்தில், பார்ட்டின் பால்ய நண்பர்கள் இருவர் சரணடையச் சொல்லி நெருங்குகிறார்கள். லாரி அவர்களைச் சுடத் துணிகிறாள். நண்பர்களைக் காக்க பார்ட் அவளைச் சுடுகிறான். வாழ்நாளில் அவன் கொன்ற ஒரே மனித உயிர் அவனுடைய மனைவி. அடுத்த நொடி காவலர்களின் குண்டுகளுக்கு அவனும் இரையாகிறான்.

இப்படம் முதலில் 'டெட்லி இஸ் தி ஃபீமேல்' என்ற பெயரில் வந்து, அதே ஆண்டில் கன் கிரேசி என்ற பெயருடன் மறுபடி வெளியிடப்பட்டது. 'கொடியவள் பெண்' என்று பொருள்படும் முதல் பெயர் பழி முழுவதையும் லாரி மீது சுமத்துகிறது. படமோ அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது பெயரே பொருத்தமானது.

திரைக்கதைக்கு மூலம், 1940இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் மெக்கின்லே கேண்டர் எழுதிய சிறுகதை. படத்தின் எழுத்துப் பட்டியலில் கேண்டருடன் மில்லார்ட் காஃப்மன் என்ற பெயர் காணப்படும். உண்மையில் கேண்டரின் நீண்ட திரைக்கதையைச் செதுக்கிச் சுருக்கியவர் டால்டன் ட்ரம்போ. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரணை நடத்தியபோது, பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் அவர் ஒருவர். பட நிறுவனங்கள் அவருக்கு வேலை தர மறுத்தன. சிறு முதலீட்டுத் தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்கள் குறைந்த ஊதியத்திற்கு இரகசியமாக எழுத வைத்தனர். பெயர் மட்டும் நண்பர் காஃப்மனுடையது. படம் வெளிவந்த அதே 1950இல், நாடாளுமன்றத்தை அவமதித்த குற்றத்திற்காக ட்ரம்போ சிறை சென்றார். அங்கே ஏறத்தாழ பத்து மாதங்கள் இருந்தார்.

இதே கிங் சகோதரர்களுக்காக அவர் 'ராபர்ட் ரிச்' என்ற புனைபெயரில் எழுதிய 'தி பிரேவ் ஒன்' 1957இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. பரிசை வாங்க ராபர்ட் ரிச் மேடைக்கு வரவில்லை. அச்சிலை ட்ரம்போவின் கைக்கு வந்தது 1975இல்தான். கன் கிரேசி 1998இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னரே காஃப்மன் எழுத்தாளர் சங்கத்தை அணுகி, தம் பெயரை நீக்கி ட்ரம்போவின் பெயரை அந்த இடத்தில் பதியச் செய்திருந்தார்.