நிலமும் குடியும்: கரைவாகுக் கரையின் படங்களை வாசிக்கும் முறை

ஒரு பிரதேசத்தின் சரித்திரத்தை அதன் இலக்கியங்களிலும் சாசனங்களிலும் தேடுகின்ற நாம், அதே பிரதேசத்தின் நிலப்படங்களிலும் வான் ஒளிப்படங்களிலும் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளிலும் பதிந்து கிடக்கும் சரித்திரத்தை வாசிக்கப் பெரும்பாலும் முயல்வதில்லை. பரீட்சையில் ஒரு வினாவுக்கு விடையெழுதும் பொருட்டு இடவிளக்கப் படத்தை விரித்து, குறியீடுகளை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் அதனைச் சுருட்டி வைத்துவிடுவதே நம் பாடசாலைகளின் வழக்கமாகி நிற்கின்றது. ஆயினும், ஒருபுறம் கடலாலும் மறுபுறம் வயலாலும் நெருக்குண்டு, காணி என்னும் ஒன்றைச் சுற்றியே வாழ்வின் பல கவலைகளும் சுழன்றுகொண்டிருக்கும் கல்முனைக் கரையோரத்து மக்களுக்கு, நிலப்படம் வாசிக்கும் வித்தை ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடக் கூடியதன்று. அது ஜீவாதாரமான அறிவு. எந்தப் படமும், எந்த வரைபும் ஏதோ ஓர் ஆண்டிலும் ஏதோ ஓர் அளவிலும் ஏதோ ஓர் எல்லைக்குள்ளும் நின்றே பேசுகின்றது என்பதையும், அவற்றை அறியாமல் வாசிப்பவன் பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டு மயங்குவான் என்பதையும் நமது கரையோரத்தையே உதாரணமாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட ஒரு மைலுக்கு ஓரங்குல அளவுத்திட்டப் படத்தையோ, பிற்காலத்தில் மீற்றர் முறைக்கு மாற்றி அது வெளியிட்ட 1:50,000 படத்தையோ மேசையில் விரித்து, கல்முனைப் பகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்துச் செல்வோமாயின், நிலம் வரிசை வரிசையாக வகுக்கப்பட்டிருப்பது முதற்பார்வையிலேயே புலப்படும். கடலையடுத்து மணற்கரை, அதனையடுத்துத் தென்னை, அதன்பின் மட்டக்களப்பையும் பொத்துவிலையும் இணைக்கும் பெருந்தெருவின் இருமருங்கும் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் குடியிருப்பு, அதற்கும் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெற்காணி. பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க, அவற்றின் மேற்கெல்லையாய்க் கரைவாகு வட்டை முதலிய பழைய வயல்வெளிகள் அமைந்திருப்பதைக் காணும் மாணவன், இவ்வூர்கள் ஏன் அகலத்தில் வளராமல் நீளத்தில் வளர்ந்தன என்ற வினாவைத் தானாகவே எழுப்புவான். மணற்பாங்கான மேட்டுநிலம் குடியிருப்பதற்கும், அதன்பின்னுள்ள தாழ்ந்த களிநிலம் வேளாண்மைக்கும் உரியனவென்று நம் முன்னோர் கண்டு ஒழுகிய ஒழுங்கே அவ்வினாவுக்குரிய விடையாகும்.

அதே படத்தில் இன்னும் மேற்கே நகர்ந்தால் முற்றிலும் வேறான ஒரு சித்திரம் தோன்றுகின்றது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, நாம் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கிய பின்னர், 1950களில் குடியேற்றக் கிராமங்கள் வாய்க்கால்களின் போக்கை ஒட்டித் திட்டமிட்டு நிறுவப்பட்டன. கரையோரத்துப் பழைய ஊர்கள் தெருவையும் பள்ளிவாசலையும் கோயிலையும் சந்தையையும் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் நெருங்கி வளர்ந்திருக்க, உள்நாட்டுக் குடியேற்றங்கள் வாய்க்காலின் கணக்குக்கேற்ப இடைவெளிவிட்டு அமைந்திருக்கின்றன. வயலும் வீடும் பிரிந்து நிற்கும் ஒரு வாழ்க்கைமுறையையும், வாய்க்காலே வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு வாழ்க்கைமுறையையும் ஒரே தாளில் இவ்விதம் அருகருகே காட்டக்கூடிய பகுதிகள் இலங்கையில் அதிகமில்லை.

அளவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் படத்தின் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் ஐம்பது மீற்றரைக் குறிக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் உயிர்கள் வரை பலிகொண்டபின், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் மீளக் குடியமர்வது தடுக்கப்பட்டதும், அக்கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டதும் நாம் அறிந்தவை. அந்த இருநூறு மீற்றர் இப்படத்தில் நான்கே மில்லிமீற்றர். தீட்டிய பென்சிலால் சில கோடுகள் இழுத்தால் முடிந்துவிடும் அகலம். ஆனால் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அந்த நான்கு மில்லிமீற்றருக்குள் தெருக்கள் இருந்தன, பாடசாலைகள் இருந்தன, கரைவலைத் தொழிலாளரின் வாடிகளும் தோணிகளும் இருந்தன. அங்கிருந்து அகற்றப்படும் குடும்பத்துக்கு மேற்கே போக இடமெங்கே என்று பார்த்தால், வயலைத் தவிர வேறொன்றும் படத்தில் இல்லை. வயலை மண்ணிட்டு மேடாக்கி வீடு கட்டும் வழக்கம் நம் ஊர்களில் ஏன் பெருகியது என்பதை விளங்கிக்கொள்வதற்கு நீண்ட பிரசங்கம் தேவையில்லை. இந்தப் படத்தை அளவுகோலோடு ஒருமுறை பார்த்தால் போதும்.

படத்தில் இருப்பவை போலவே இல்லாதவையும் பொருளுடையன. ஓரங்குலப் படத்தில் சமவுயரக் கோடுகள் நூறடிக்கு ஒன்றாக இடப்பட்டிருக்க, கல்முனையிலிருந்து மேற்கே பல மைல் தூரத்துக்கு ஒரு கோடுகூடத் தென்படுவதில்லை. நிலம் அவ்வளவு தட்டையானது என்பதே அதன் அர்த்தம். இரண்டடி உயர்வு தாழ்வே மழைக்காலத்தில் ஒரு வீட்டைக் காக்கவும் மற்றொரு வீட்டை மூழ்கடிக்கவும் போதுமான இந்நிலத்தில், அந்த இரண்டடியைக் காட்ட வல்லது இப்படமன்று என்பதும் அதனுள் அடங்கும். கிட்டங்கித் தாம்போதியும் மாவடிப்பள்ளித் தாம்போதியும் மாரிதோறும் நீரில் மறைவது ஏனென்பதை இப்படம் குறிப்பாக உணர்த்தும். நீர் எத்தனை அடி ஏறும் என்பதைச் சொல்லாது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்த துயரத்தை நினைக்குங்கால், தாழ்நிலத்தை நுணுக்கமாக அளந்து, அந்த அளவையை ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் படமாகத் தொங்கவிடுவது எத்துணை அவசியமென்பது எவர்க்கும் விளங்கும்.

இனி வான் ஒளிப்படங்களையும் செய்மதிப் படங்களையும் நோக்குவோம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசத்தின் உதவியுடன் 1956இல் எடுக்கப்பட்ட வான் ஒளிப்படங்கள், நம் நிலத்தின் அன்றைய நிலையை அறிய விழைவோர்க்குப் பெருநிதி போன்றவை. அவற்றை இன்றைய செய்மதிப் படத்தோடு ஒப்பிடுகையில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மாதத்துப் படம் என்பதாகும். பெரும்போகத்து நெல் கதிர் தள்ளி நிற்கும் ஜனவரியில் எடுத்த படத்தில் வட்டை முழுவதும் பசுமையாய்த் தோன்றும். சிறுபோக அறுவடை முடிந்த செப்டம்பரில் அதே வட்டை வெறும் மண்ணாய்த் தோன்றும். டிசம்பர் வெள்ளத்தில் அதுவே களப்பாய்த் தோன்றும். மாதத்தைக் கவனியாது இரண்டு படங்களை அருகருகே வைத்து, வயல் அழிந்துவிட்டதென்றோ நீர்நிலை பெருகிவிட்டதென்றோ முடிவு கட்டுவோர் தம்மையும் பிறரையும் தவறான வழியிற் செலுத்துகின்றனர்.

செய்மதிப் படத்தின் நுண்மையும் கவனத்துக்குரியது. 1980களிலிருந்து கிடைக்கும் லேண்ட்சாட் படங்களில் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர் சதுரத்தைக் குறிக்கும். நம் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ முப்பத்தைந்து பேர்ச். சாய்ந்தமருதின் ஒழுங்கைகளில் அந்த முப்பத்தைந்து பேர்ச்சுக்குள் மூன்று நான்கு வீடுகளும், ஒரு கிணறும், பங்கு பிரித்தபின் எஞ்சிய இரண்டு தென்னைகளும், வேலியோரத்து முருங்கையும் அடங்கிவிடும். இவையெல்லாம் கலந்து ஒரே நிறமாகப் பதிவதனால், கணினி அப்புள்ளியைச் சில வேளை வீட்டுத்தோட்டம் என்றும் சில வேளை கட்டடப் பகுதி என்றும் பிரிக்கின்றது. ஒரு தென்னையின் ஓலை விரிவு ஒரு குடும்பத்தின் இருப்பையே மறைத்துவிடக்கூடிய அளவுக்கு நம் ஊர்களில் நிலம் நெருக்கடியானது என்பதை அறிந்தவரே, இத்தகைய படத்திற் பச்சை நிறத்தைக் கண்டவுடன் அதனை வெற்றுநிலமென்று கருதாமலிருப்பர். கால்நடையாக அந்த ஒழுங்கைக்குட் சென்று பார்த்துத் திருத்தப்படாத எந்த நிலப்பயன்பாட்டுப் படமும் முற்றுப்பெற்றதாகாது.

செய்மதிப் படத்தின் பேருபகாரத்துக்கும் நம் கரையிலேயே பிரத்தியட்ச சாட்சியம் உண்டு. ஒலுவில் துறைமுகம் கட்டப்படுமுன் எடுத்த படத்தையும், 2013இல் அது திறக்கப்பட்ட பின்னர் எடுத்த படத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முந்தைய படத்திற் கரை ஏறத்தாழ நேர்கோடாய் ஓடுகின்றது. பிந்தைய படத்தில், அலைதாங்கியின் தெற்கே மணல் குவிந்து கரை கடலை நோக்கி அகன்றிருக்க, வடக்கே கடல் நிலத்தை அரித்துத் தென்னந்தோப்புகளையும் தோணிகளை இழுத்துவைக்கும் இடங்களையும் விழுங்கி, நிந்தவூர் வரை தன் கையை நீட்டியிருக்கின்றது. கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து செல்வதால், குறுக்கே கற்சுவர் எழுந்ததும் தெற்கில் மணல் தேங்கியது. வடக்கோ தனக்கு வரவேண்டிய மணலை இழந்தது. எந்த மீனவனும் தன் வாய்மொழியாற் சொல்லியிருக்கக்கூடிய இந்த உண்மையை, அதிகாரிகள் மறுக்க முடியாத வடிவில் நிலைநாட்டுவன அவ்விரண்டு படங்களே.

குடித்தொகையைப் பற்றிய படங்களுக்கு வருவோம். எல்லையின் மயக்கம் மிகுதியாய்க் காணப்படுவது இங்கேதான். அம்பாறை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,415 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அதன் குடித்தொகை சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரம். ஒன்றை மற்றதனால் வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு 147 பேர் என்னும் சாந்தமான எண் கிடைக்கின்றது. தேசப்படத்தில் மாவட்டம் முழுவதும் ஓர் இளநிறம் பூசப்படுகின்றது. ஆனால் கல்முனை மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ இருபத்து மூன்று சதுர கிலோமீற்றரில் ஓர் இலட்சம் அளவினர் வாழ்கின்றனர். சதுர கிலோமீற்றருக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். காடடர்ந்த லகுகலைப் பிரிவிலோ அவ்வெண் இருபதையும் எட்டாது. சராசரி என்பது கணிதத்தில் உண்மை. ஆயினும் 147 என்ற அந்த எண் கரையோரத்து நெருக்கத்தையும் காட்டாது, காட்டோரத்து வெறுமையையும் காட்டாது. மாவட்ட அளவில் நிறந்தீட்டிய படத்தைக் கண்டு இங்கே காணி தாராளம் என்று கருதும் திட்டக்காரருக்குக் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகப் புள்ளியிட்ட படத்தை நீட்டுவதே நாம் அளிக்கத்தக்க தெளிவான மறுமொழி.

கிராமம், நகரம் என்னும் பாகுபாடும் இவ்வாறே எல்லையைச் சார்ந்தது. நமது குடிசன மதிப்பீடு மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்வோரை நகரவாசிகளென்றும், பிரதேச சபை எல்லைக்குள் வாழ்வோரைக் கிராமவாசிகளென்றும் கொள்கின்றது. ஆகவே சாய்ந்தமருது நகரம். அதனையடுத்து இடைவெளியின்றித் தொடரும் காரைதீவும், அப்பாலுள்ள நிந்தவூரும், பெருஞ்சந்தையும் நெல் ஆலைகளும் நிறைந்த சம்மாந்துறையும் கிராமம். நிலத்திற் காணாத இக்கோடு புள்ளிவிபரத்தில் மாத்திரம் இருக்கின்றது. கிராமிய நிலப்பயன்பாடு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரைபு நம் கைக்கு வரும்போது, அதிற் கிராமமென எண்ணப்பட்டவை எவை என்று கேட்காமல் மேற்செல்வது பேதைமை.

1786இல் இங்கிலாந்தில் வில்லியம் பிளேஃபெயர் வர்த்தகக் கணக்குகளைக் கோடுகளாகவும் சட்டங்களாகவும் வரைந்து வெளியிட்ட நாள்முதல், வரைபு எண்களைக் கண்ணுக்குப் புலனாக்கும் உத்தமமான கருவியாக விளங்கி வருகின்றது. அதனை வரைவோன் கவனக்குறைவாயிருப்பின் கண்ணையே ஏமாற்றவும் செய்கின்றது. அம்பாறை மாவட்டத்தின் குடித்தொகை 1971இல் சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம், 1981இல் 3 இலட்சத்து 89 ஆயிரம், 2001இல் 5 இலட்சத்து 93 ஆயிரம். நாட்டின் யுத்தநிலை காரணமாக 1991இல் மதிப்பீடு நடைபெறவில்லை. இந்த ஆண்டுகளைச் சம இடைவெளியிற் குறித்துக் கோடு வரைந்தால், 1981க்குப் பின் வளர்ச்சி திடீரெனப் பாய்ந்ததாகத் தோன்றும். ஆண்டுகளை அவற்றின் உண்மையான தூரத்திற் குறித்து வரைந்தாலோ, முந்தைய பத்தாண்டில் வருடத்துக்குப் பதினோராயிரத்துக்கு மேலாகப் பெருகிய தொகை, பிந்தைய இருபதாண்டுகளிற் பத்தாயிரம் அளவிலேயே பெருகியது தெளிவாகும். ஒரே எண்கள்; இரண்டு கோடுகள்; ஒன்றுக்கொன்று மாறான இரண்டு அபிப்பிராயங்கள்.

சதவீதமும் அவ்விதமே. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானபின் முதல் மதிப்பீடு நிகழ்ந்த 1963இல், இம்மாவட்டத்து முஸ்லிம்கள் நூற்றுக்கு 46 பேர்; 2012இல் நூற்றுக்கு 43 பேர். இவ்விரண்டு எண்களை மாத்திரம் வட்ட வரைபிற் காண்பவன் ஒரு சமூகம் குறைந்துவிட்டதென எண்ணக்கூடும். தொகையோ 98 ஆயிரம் அளவிலிருந்து 2 இலட்சத்து 82 ஆயிரம் அளவாக, ஏறத்தாழ மும்மடங்காகப் பெருகியிருக்கின்றது. கல்லோயாக் குடியேற்றமும், மகாவலித் திட்டத்தின் கீழ்க் குடியேற்றம் நிகழ்ந்த தெஹியத்தகண்டியும் சேர்ந்து எண்ணப்படும் மாவட்டத்தில், வகுக்கும் எண் இன்னும் வேகமாய் வளர்ந்தமையே பங்கு குறைந்ததன் காரணம். இத்தகைய எண்களை அச்சத்துக்கும் விரோதத்துக்கும் ஆயுதமாக்குவது எளிது. எல்லை எது, ஆண்டு எது, தொகை எது என்று நிதானமாய்ப் பிரித்துரைப்பது சிரமம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஆற்றின் நீரைப் பங்கிட்டு வாழும் இப்பிரதேசத்தில், அந்தச் சிரமத்தை மேற்கொள்வதே கற்றறிந்தோரின் தர்மம்.

செய்யத்தக்கது யாது? 1930களில் பிரித்தானியாவில் டட்லி ஸ்டாம்ப் என்னும் புவியியலறிஞர், பாடசாலை மாணவரின் கையில் நிலப்படத்தைக் கொடுத்து, வயல் வயலாக நடந்து நிலப்பயன்பாட்டைக் குறிக்கச் செய்து, ஒரு தேசம் முழுவதற்குமான அளவையை நிறைவேற்றினார். பின்னர் யுத்தகாலத்தில் உணவுற்பத்தியைத் திட்டமிட அப்படங்கள் பெரிதும் பயன்பட்டன. நம்மிடம் ஒலுவிலிற் புவியியற்றுறையோடு கூடிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது, க. குணராசா போன்றோர் தமிழிற் புவியியல் நூல்களை எழுதி வகுத்துத் தந்த கலைச்சொற்கள் இருக்கின்றன. கையடக்கத் தொலைபேசியிலேயே செய்மதிப் படத்தைக் காணும் வசதி மாணவர் பலரிடமும் இருக்கின்றது. ஒவ்வொரு பாடசாலையும் தன் கிராம உத்தியோகத்தர் பிரிவை எடுத்துக்கொண்டு, எது வயல், எது மேடாக்கிய வயல், எது தோணா எனும் வடிகால், எது கடல் கொண்ட கரை என்பதை வயல்நீரை மேற்பார்க்கும் வட்டவிதானையையும் மீனவரையும் முதியோரையும் கேட்டறிந்து படத்திற் குறித்து, ஐந்தாண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பித்துவருமாயின், காணிப் பிணக்கென்றும் வெள்ள நிவாரணமென்றும் எல்லை நிர்ணயமென்றும் நம்முன் வரும் விவகாரங்களில் நாம் ஆவேசத்தை நம்பிப் பேச வேண்டிய அவசியம் நேராது. தன் நிலத்தின் படத்தைத் தானே வரைந்து, பிறர் வரைந்த படத்தைத் தானே சோதிக்கத் தெரிந்த சமூகத்தின் சொல்லுக்கே திட்டமிடும் மேசையிற் பெறுமதி உண்டு. அத்தகுதியை நம் பிள்ளைகளுக்கு அளிக்கும் பொறுப்பு இன்று நம் ஆசிரியர்களிடத்திலும் பெற்றோரிடத்திலும் இருக்கின்றது.