இந்திரப்பட்: கோட்டைக்குள் இருந்த கிராமம்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். பக்கத்திலேயே நிற்கிற புராணா கிலாவை, "ஏதோ முகலாயர் கோட்டை" என்று வெளியிலிருந்தே காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடியேனும் பல வருஷம் அப்படித்தான். அந்த மதிலுக்குள் 1913 வாக்கில்கூட ஜனங்கள் குடியிருந்தார்கள், அந்தக் கிராமத்தின் பெயர் இந்திரப்பட் என்று படித்த பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன்.

மதில் எழுப்பியவர்கள் ஹுமாயூனும் ஷேர்ஷாவும். 1533இல் ஹுமாயூன் 'தீன்பனா' என்ற நகரத்தை இங்கே தொடங்கினார். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் மேடு அவர்கள் போட்டதல்ல. ஒரே இடத்தில் வீடு கட்டி, அது இடிந்து, அதன்மேல் மறுபடி கட்டி, தலைமுறை தலைமுறையாக உயர்ந்த மண் அது. நம்ம பக்கத்தில் இதைத்தான் நத்தமேடு என்கிறோம். கடையில் பழைய கணக்குப் புத்தகம் அடியில் கிடக்கும், புதுசு மேலே இருக்கும் இல்லையா? மண் அடுக்கும் அதே மாதிரிதான். கீழே போகப் போகக் காலம் பின்னால் போகும்.

1954-55இல் பி.பி. லால் இங்கே சோதனைக் குழி போட்டார். 1969 முதல் 1973 வரை இந்தியத் தொல்லியல் துறை விரிவாகத் தோண்டியது. மேலே முகலாயர், அதற்குக் கீழே சுல்தான்கள், ராஜபுத்திரர், குப்தர், குஷாணர், சுங்கர், அடியில் மௌரியர் என்று வரிசையாகக் கிடைத்தது. மௌரியர் அடுக்கில் சுட்ட மண் உறைகிணறுகள் இருந்தன. நம் கீழடியில் வெளிப்பட்டதே, அதே முறைதான். இன்னும் பழைய, சாம்பல்நிற வண்ணம் தீட்டிய ஓடுகளும் சில அகப்பட்டன. பாண்டவர் ஊர் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல அது போதாது. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் வாழ்ந்த இடம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஊர்ப் பெயருக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. ஒரு வணிகன் என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி. இன்றைய புது டெல்லி இருக்கும் பகுதியில் முன்பு சர்பன் என்றொரு கிராமம் இருந்தது. அங்கே கிடைத்த 1328ஆம் ஆண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு, கேத்தலா, பைத்தலா என்ற இரு வணிகர்கள் கிணறு வெட்டி வைத்ததைச் சொல்கிறது. அந்தக் கிராமம் இந்திரப்பிரஸ்தப் பிரிவில் அடங்கியது என்றும் சொல்கிறது. அப்போது ஆட்சி முகமது பின் துக்ளக்குடையது. சுல்தான் காலத்திலும் பழைய பெயர் அப்படியே வழக்கில் இருந்திருக்கிறது. அதுவே ஜனங்கள் வாயில் இந்திரப்பட் ஆயிற்று.

ராஜாக்கள் மாறியும் போகாத அந்த ஊர், புதுத் தலைநகரம் கட்டுகிற வேலையில் போயிற்று. கோட்டைக்குள் இருந்த குடிகளை அப்புறப்படுத்தினார்கள். சர்பன் கிராமமும் மறைந்தது. 1947இல் பிரிவினை அகதிகள் இதே கோட்டைக்குள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்களும் போனார்கள். இன்று புல்வெளி மட்டும்தான். இந்திரப்பட் எங்கே என்று வழிப்போக்கரைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுதும்போது வந்தவாசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நயினார் வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஜினாலயத்தில் விளக்கேற்ற ஆள் தேடவேண்டியிருக்கிறது. எங்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை, நாங்களேதான் பிழைப்புக்குக் கிளம்பி வந்தோம். என் பேரனிடம் ஊர்க் குளத்தின் பெயரைக் கேட்டேன். "தாத்தா, ஊருக்கே பேர் மறந்துபோச்சு" என்றான். அவன்மேல் தப்பில்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். குளம், கிணறு, மேடு, வயல் ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், யார் வெட்டியது என்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.