கறுப்புத் தொலைபேசியும் பெண் குரலும்

அதிபரின் மேசையிலிருந்த கறுப்புத் தொலைபேசியை எங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் கனமும் துணி சுற்றிய வடமும் இன்றைய பிள்ளைகளுக்குப் புதினம். பெண்களின் தொழில் வரலாறு ஒன்றும் அக்கருவிக்குள் அடங்கியிருப்பதால் அதனை இம்மலரில் பதிவுசெய்கிறோம்.

தொலைபேசி இணைப்பகங்களில் முதலில் பையன்களே வேலைபார்த்தார்கள். அவர்களுடைய துடுக்குப் பேச்சைப் பொறுக்கமாட்டாமல், பொஸ்ரன் நகரில் 1878 செப்டெம்பர் 1 ஆம் திகதி எம்மா நட் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். பிறகு அது பெண்களின் தொழிலாகவே ஆயிற்று. படித்த பெண்ணுக்கு ஆசிரியப் பணியையும் தாதிப் பணியையும் விட்டால் வேறு கதவுகள் அதிகம் திறவாத காலம் அது.

அந்தப் பெண்ணை இடையிலிருந்து விலக்க முனைந்தவர் கன்சாஸ் சிற்றியில் பிரேத அடக்கத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ரௌஜர். போட்டிக்காரரின் மனைவி இணைப்பகத்தில் இருந்துகொண்டு, தமக்கு வரும் அழைப்புகளைக் கணவருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டாராம். கதை எப்படியோ, 1891 இல் தானியங்கி இணைப்பு முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். சுழற்றும் வட்டு சில ஆண்டுகள் கழித்து வந்தது.

அந்த வட்டில் ஒரு நுட்பம் உண்டு. விரலால் இழுக்கும்போது எண் போவதில்லை. விட்டதும் வில்லின் விசையில் வட்டு திரும்பி வருகையிலேயே மின்னோட்டம் விட்டுவிட்டு அறுபடும். மூன்றுக்கு மூன்று தடவை, பூச்சியத்துக்குப் பத்துத் தடவை, செக்கனுக்குப் பத்துத் துடிப்பு என்ற கணக்கில். அவசரக்காரர் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அது தன் வேகத்திலேதான் திரும்பும். இணைப்பகத்துப் பெண் செய்த வேலையில் ஒரு பங்கு இப்படி எங்கள் விரலுக்கு வந்து சேர்ந்தது, சம்பளம்தான் இல்லை.

உடலுக்கான பேக்கலைற்றை லியோ பேக்லண்ட் 1907 இல் கண்டுபிடித்தார். பீனோலும் போமல்டிகைட்டும் சேர்ந்த பிசினோடு மரத்தூள் கலந்து, சூடான உருக்கு அச்சில் அழுத்தினால் அது இறுகிவிடும், மறுபடி உருகாது. அச்சிலிருந்து கழன்று வரவேண்டுமென்றால் பக்கங்கள் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், மூலைகள் மழுங்கியிருக்க வேண்டும். நோர்வேயின் ஓவியரும் சிற்பியுமான ஜான் ஹைபேர்க் இந்தக் கட்டாயத்தையே அழகாக்கினார். பொறியியலாளர் பியர்க்னஸ் உள்ளமைப்பைக் கவனிக்க, அவர் உருக்கொடுத்த எரிக்ஸன் தொலைபேசி 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அகன்ற அடி, சரிந்த தோள், மேலே தொட்டில் போன்ற தாங்கி. பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் 332 ஆம் வகைக் கருவி அதே சாயலில் 1937 இல் வந்தது. மணி உள்ளேயே இருந்தது. அடியில் எண்களைக் குறித்து வைக்க ஒரு சிறு இழுப்பறை. எங்கள் கண்ணில் பட்டவையும் பெரும்பாலும் இந்தச் சாயலே. பிறகு வந்த இலேசான பிளாஸ்ரிக் கருவிகளில் இந்தக் கம்பீரம் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

வட்டு பரவப் பரவ, உள்ளூர் அழைப்புகளில் பெண் குரல் மறைந்தது. வெளியூர் அழைப்புகளுக்கு மட்டும் அவர் தொடர்ந்து தேவைப்பட்டார். 1936 ஜூலை 24 ஆம் திகதி லண்டனில் நேரம் சொல்லும் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது, அதற்கு எதெல் கேன் என்ற இணைப்பகப் பணியாளரின் குரலைத் தெரிந்து கண்ணாடித் தட்டுகளில் பதிந்துவைத்தார்கள். பிரித்தானியாவின் கடைசிக் கை இணைப்பகம் ஸ்கை தீவின் போர்ட்றீயில் 1976 இல் மூடப்பட்டது.