துறைமுகமும் குடிவந்தோரும்

திருக்கோணமலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோயிலில் தொடங்கிக் கோட்டையில் முடிப்பர். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம், பறங்கியர் இடித்த கோயில், ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கைப்பற்றிய கோட்டை என்று அவ்வரலாறு செல்லும். அந்தத் துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவன் எங்கிருந்து வந்தான், வேலை போனபின் எங்கே சென்றான் என்னும் வினா அதில் எழுவதில்லை. ஆயினும் அந்நகரின் இன்றைய நிலையை விளங்கிக் கொள்ள இந்த வினாவே பெரிதும் உதவும்.

குடியேற்றம் அவ்வூருக்குப் புதிதன்று. கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல், குளக்கோட்டன் என்ற மன்னன் திருப்பணி செய்து, கோயில் தொண்டுக்காகச் சோழ நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் குடிகளை அழைத்து வந்து, தானத்தார், வரிப்பத்தார் என வகுத்து நிலமும் கடமையும் கொடுத்தான் என்று கூறுகிறது. அவன் காலம் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், தம் முன்னோர் வந்து குடியேறியவர்களே என்பதை மறைக்காமல், அதையே பெருமையாகக் கூறிக்கொண்ட மக்கள் அவர்கள். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அக்கற்களால் கோட்டை எழுப்பியபோது, அடியார்கள் திருவுருவங்களை மறைத்துக் காத்தனர். தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயில் அவ்வழியில் தோன்றியதே.

அதன்பின் கொடிகள் மாறின. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று வந்து சில காலம் தங்கிப் போயிற்று. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் கைப்பற்றியதை, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரென் பறித்துக் கொண்டார். போர் ஓய்ந்ததும் அது மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர், இம்முறை நிலைத்தனர்.

இத்தனை பேரும் இந்த ஓர் ஊருக்காகப் போரிட்ட காரணம் நீரில் இருக்கிறது. ஏறக்குறைய 1,630 ஹெக்டேயர் பரப்புள்ள நீர்நிலைக்கு 500 மீற்றர் அகலமே உள்ள வாயில், சுற்றிலும் குன்றுகள், எப்பருவத்திலும் அமைதி. வடகீழ்ப் பருவக் காற்றில் சோழமண்டலக் கரையில் நங்கூரமிட்டு நிற்க முடியாத போர்க்கப்பல்களுக்கு இதனை ஒத்த புகலிடம் வங்கக் கடலின் மேல்கரையில் வேறில்லை.

ஆங்கிலக் கடற்படையே பின்னர் அந்நகரின் பெரிய முதலாளியாயிற்று. டொக்யார்ட் என்று மக்கள் வழங்கிய கப்பல் தளத்தில் கொல்லர், தச்சர், சுமைகூலிகள், கணக்கர் எனப் பலவகைத் தொழிலாளர் கூடினர். தமிழகத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆட்கள் வந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞரும் ஆசிரியரும் வந்தனர். தென்னிலங்கைச் சிங்கள மீனவர் பருவம்தோறும் வந்து, சிலர் தங்கியும் விட்டனர். கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களில் முஸ்லிம்கள் முன்னரே வேரூன்றி வாழ்ந்தனர். பறங்கியர் குடும்பங்களும் மலாயர் குடும்பங்களும் நகரில் இருந்தன. கடைத்தெருவிலே ஒரு நாளில் ஐந்தாறு மொழிகள் காதில் விழுந்திருக்கும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து திருக்கோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறை இன்றும் உண்டு. கூலியாட்களின் கல்லறைகளைத் தேடுவார் இல்லை.

1930களில் சீனன்குடாவிலே காட்டை வெட்டிப் பெரும் எண்ணெய்க் குதங்கள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது ஒரு குதம் அழிந்தது. ஊரார் பலர் காட்டுப்புறம் ஓடினர். ஆயினும் அடுத்த மூன்று ஆண்டுகளில் நேச நாடுகளின் கீழைக் கடற்படை அங்கே குவிந்து, அந்நகர் முன் என்றும் காணாத வேலையும் கூலியும் கண்டது.

1957இல் அந்த முதலாளி புறப்பட்டுப் போனார். பண்டாரநாயக்க அரசு கேட்டபடி பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். நாட்டிற்கு அது தன்மானம் மீண்ட நாள். டொக்யார்ட் கூலிக்கோ சம்பள நாள் நின்றுபோன நாள். இவ்விரண்டும் உண்மை. முன்னதை மட்டும் கொண்டாடிய அரசியல்வாதிகள் பின்னதைப் போதிய அளவு எண்ணவில்லை.

ஒரே தொழிலை நம்பிக் குடிவந்தோர் எழுப்பிய நகரங்கள் உலகில் பல உள. அமெரிக்காவின் புளோரிடாவிலே தம்பா நகரை அடுத்து, 1886இல், இபோர் என்பவர் சுருட்டுத் தொழிற்சாலை நிறுவினார். கியூபாவிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து இபோர் சிற்றி என்ற ஊரையே உண்டாக்கினர். அவர்கள் சுருட்டுச் சுற்றுகையில், உயர்ந்த மேடையில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவர் கூலியைத் தொழிலாளரே தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தனர். கியூப விடுதலைத் தலைவர் ஹொசே மார்த்தி 1891இல் அங்கே வந்து பேசி ஆதரவு திரட்டினார். 1931இல் முதலாளிகள் வாசிப்போரை அகற்றி, அவ்விடத்தில் வானொலிப் பெட்டியை வைத்தனர். இயந்திரமும் பொருளாதார மந்தமும் வந்தபின் தொழிலாளர் கலைந்தனர். வீடுகள் பல இடிந்தன. இன்று பழைய செங்கற் கட்டடங்களைக் காணப் பயணிகள் வருகின்றனர்.

திருக்கோணமலை அவ்வாறு கலையவில்லை. 1950இல் கிணறு தோண்டியபோது கோயில் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதுப்பித்த கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஆனால் அந்நகரைச் சுற்றி வேறொரு குடியேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கந்தளாய், அல்லை முதலிய நீர்ப்பாசனத் திட்டங்களில் அரசு சிங்களக் குடும்பங்களைப் பெருமளவில் குடியமர்த்தியது. துறைமுகம் தேடித் தாமே வந்தோர்க்கும், அரசாங்கத்தின் திட்டப்படி கொண்டுவரப்பட்டோர்க்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பின்னவர்களின் வருகை மாவட்டத்தின் அரசியற் கணக்கையே மாற்றிற்று. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டுக்கு இந்நகரையே தேர்ந்தது. பின்பு போர் வந்தது. வந்த ஊரை விட்டு மக்கள் மீண்டும் வெளியேறினர். பலர் படகேறித் தமிழகத்து முகாம்களை அடைந்தனர். 2004இல் ஆழிப்பேரலையும் தன் பங்குக்குக் கரையோரத்தை அழித்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாவட்டத்தில் ஏறக்குறைய 3,79,000 பேர். பத்தில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், காற்பங்குக்குச் சற்று மேல் சிங்களவர்.

வருங்காலம் பற்றிய பேச்சு எல்லாம் மீண்டும் எண்ணெயையும் மின்சாரத்தையும் சுற்றியே நடக்கிறது. 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்பாட்டோடு கைமாறிய கடிதங்களில் இக்குதங்கள் இடம்பெற்றன. 2022 சனவரியில் எஞ்சிய 99 குதங்களும் பகுக்கப்பட்டன: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் இந்நகரை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. குடாவின் தென்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் அவ்வூரார் போரால் துரத்தப்பட்டனர். நிலக்கரி மின்நிலையம் வரும் என்ற பேச்சின் நிழலில் ஆண்டுகள் பல முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்தனர். 2015 முதல் படிப்படியாகத் திரும்பினர். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே இப்போது சூரிய மின்நிலையம் எழுகிறது. அதற்கு வேலையாட்கள் வருவர். எங்கிருந்து என்பது இன்னும் முடிவாகவில்லை. திரும்பி வந்த சம்பூர்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்வேலையில் இடம் உண்டா என்று ஊரார் கேட்கின்றனர்.